தண்ணீர் விடாமல் சமைக்கும் சட்டி: வாங்க முன் பார்க்க வேண்டியவை

மாதர் சங்கக் கூட்டங்களுக்குப் போகுமிடமெல்லாம் அண்மைக்காலமாக என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. "ரீச்சர், தண்ணி விடாமல் கறி காய்ச்சிற எவர்சில்வர் சட்டி உண்மையிலேயே நல்லதோ? வாங்கலாமோ?" கேட்பவர்களில் சிலருக்கு வெளிநாட்டிலுள்ள சகோதரமோ மச்சாளோ விடுமுறைக்கு வந்தபோது ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். எப்படிப் பாவிப்பதென்று தெரியாமல் அது பெட்டியோடு அலுமாரிக்கு மேலே இருக்கும். வேறு சிலரின் வீட்டுக்கு விற்பனையாளர் ஒருவர் வந்து, அயலிலுள்ள நாலைந்து பெண்களையும் கூப்பிட்டு இருத்திச் சமைத்துக் காட்டிவிட்டு, மாதாமாதம் காசு கட்டும் பத்திரத்தையும் நீட்டியிருப்பார்.

இதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் கூற முடியாது. சட்டி நல்ல சட்டிதான். ஆனால் அது செய்யும் வேலையில் பெரும்பகுதியை உங்கள் குசினியில் இப்போது இருக்கும் சட்டியைக் கொண்டே செய்விக்கலாம். எது முடியும், எது முடியாது என்பதை அறிந்துகொண்டால், காசைக் கொடுப்பதா இல்லையா என்பதை நீங்களே தீர்மானிப்பீர்கள். மனையியல் படிப்பித்தவள் என்ற முறையிலும், இரண்டு வகைச் சட்டியிலும் தினமும் சமைப்பவள் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இச்சட்டி எவ்வாறு செய்யப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். நாம் எவர்சில்வர் என்பதும் கடைக்காரர் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் என்பதும் ஒன்றுதான். இரும்போடு குரோமியம் என்ற உலோகத்தைச் சேர்த்து உருக்கும்போது, மேற்பரப்பிலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படை ஒன்று உண்டாகித் துருப்பிடிக்காமல் காக்கிறது. புளி பட்டாலும் தேசிக்காய் பட்டாலும் கறுப்பதில்லை. ஆனால் எவர்சில்வருக்குப் பெரிய குறையொன்று உண்டு. சூட்டைப் பரப்பும் தன்மை அதற்கு மிகக் குறைவு. அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் நன்றாகச் சூட்டைக் கடத்தும். மலிவாக வாங்கிய மெல்லிய சில்வர் சட்டியில் நெருப்புப் படும் இடத்தில் மட்டும் கறி அடிப்பிடித்து, ஓரத்தில் வேகாமல் கிடப்பதற்குக் காரணம் இதுவே.

இந்தக் குறையைப் போக்குவதற்காக இரண்டு எவர்சில்வர்த் தகடுகளுக்கு நடுவே அலுமினியத் தகடொன்றை வைத்து அழுத்தி ஒட்டுகிறார்கள். சில சட்டிகளில் இந்த நடுத்தகடு அடியில் மட்டும் இருக்கும். விலை கூடியவற்றில் அடி தொடக்கம் விளிம்பு வரை இருக்கும். மூன்று படை, ஐந்து படை, ஏழு படை என்று சொல்வதெல்லாம் இந்தத் தகடுகளின் எண்ணிக்கையைத்தான். அத்துடன் மூடி கனமாகவும், சட்டியின் விளிம்போடு இறுகப் பொருந்துவதாகவும் இருக்கும். உள்ளே எழும் ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, தண்ணீராகி, விளிம்புப் பள்ளத்திலே தங்கி நின்று மிச்ச ஆவி வெளியே போகாமல் அடைத்துவிடும். இவ்வளவுதான். உள்ளே வேறு மந்திரம் எதுவுமில்லை.

தண்ணீர் இல்லாத சமையல் என்ற பெயரும் முற்றாகச் சரியானதன்று. தண்ணீர் மரக்கறிக்குள்ளேயே இருக்கிறது. பூசணிக்காய், புடலங்காய், கோவா, தக்காளி, கீரை வகைகள் ஆகியவற்றில் 100 கிராமுக்குச் சுமார் 90 கிராம் அல்லது அதற்கு மேல் தண்ணீரே. கரட்டில் 88 கிராம் அளவிலும், உருளைக்கிழங்கில் 80 கிராம் அளவிலும் உண்டு. அந்தத் தண்ணீர் ஆவியாகிப் பறந்து போகாமல் பிடித்து வைத்தால் மரக்கறி தன் தண்ணீரிலேயே வெந்துவிடும். நாம் வழமையாக ஒரு கோப்பை தண்ணீர் விட்டு, மூடாமல் கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரை வற்றவும் வைக்கிறோம். விட்ட தண்ணீரைப் போக்குவதற்கே பாதி விறகு எரிகிறது.

இந்த இடத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு லீற்றர் கிணற்றுத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஒரு பங்கு வெப்பம் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே தண்ணீர் முழுவதையும் ஆவியாக்கி வற்ற வைப்பதற்கு அதைப்போல ஏழு பங்குக்கு மேல் செலவாகும். கொதிக்க வைப்பதல்ல, வற்ற வைப்பதே எரிபொருளைத் தின்கிறது. அத்துடன் கொதிக்கும் தண்ணீரின் சூடு 100 பாகைக்கு மேலே போகாது. தளதளவென்று கொதித்தாலும் சரி, மெல்லக் கொதித்தாலும் சரி, கிழங்கு வேகும் நேரம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே கொதி வந்தவுடன் நெருப்பைக் குறைத்து மூடி வைப்பவள் எதையும் இழப்பதில்லை. பெரிய நெருப்பில் திறந்து வைப்பவள் காற்றுக்குச் சமைக்கிறாள்.

இது வெறும் படிப்பு விடயம் அன்று. 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாவாக இருந்தது. அம்மாதமே 2,675 ரூபாவாகி, 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாக ஏறியது. அந்த விலைக்கும் கிடைக்காமல் வெறுஞ் சிலிண்டரை வரிசையில் வைத்துவிட்டு இரவிரவாகக் காத்திருந்தோம். நகரப் பகுதியில் இருந்தவர்கள் கூட முற்றத்தில் மூன்று கல்லை வைத்தார்கள். விறகுக்குக் காட்டோரம் போக வேண்டிய எங்கள் பெண்களுக்கோ, ஒரு கட்டு விறகு என்பது அரைநாள் வேலை. சில இடங்களில் அது மிதிவெடிப் பயத்தோடு நடந்த அரைநாளாகவும் இருந்தது. எரிபொருளில் மிச்சம் பிடிக்கும் எந்த வழியையும் நாம் அலட்சியம் செய்ய முடியாது.

இனி விற்க வருபவர்கள் சொல்பவற்றைப் பார்ப்போம். சத்து வெளியேறாது என்பது முதலாவது. இதில் உண்மை உண்டு. விற்றமின் சி, போலிக் அமிலம், பி வகை விற்றமின்கள் போன்றவை தண்ணீரில் கரைபவை. மரக்கறியை நிறையத் தண்ணீரில் அவித்து, தண்ணீரை வடித்து ஊற்றினால் இவற்றில் ஒரு பகுதி போய்விடும். ஆனால் நாங்கள் கறி காய்ச்சும்போது தண்ணீரை வடித்து ஊற்றுகிறோமா? அது குழம்பாகச் சோற்றோடு சேர்ந்து வயிற்றுக்குள்தானே போகிறது! வெளிநாட்டவர் மரக்கறியை அவித்து வடித்துச் சாப்பிடும் முறைக்குப் பொருந்தும் நியாயத்தை எங்கள் பால்கறிக்கு அப்படியே பொருத்த முடியாது. நீண்ட நேரம் கொதிப்பதால் அழியும் சத்தைக் குறைக்கலாம் என்பது வரை சரி. கீரைக்கு இது நல்ல பயன் தரும்.

எண்ணெயும் வேண்டாம், தேங்காயும் வேண்டாம் என்பது இரண்டாவது. பூசணிக்காயிலும் கரட்டிலும் கீரையிலும் கண்ணுக்கு நல்லது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் சத்து, கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும். ஆகவே வளரும் பிள்ளையின் கறியில் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூவையோ சிறிது முதற்பாலையோ மறுக்க வேண்டியதில்லை. டொக்டர் குறைக்கச் சொன்னவர்கள் அதன்படி நடக்கட்டும்.

மூன்றாவது, அப்பச்சோடா வித்தை. இதைப் பல பெண்கள் எனக்கு ஒரே விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். விற்பனையாளர் உங்கள் அலுமினியச் சட்டியில் தண்ணீரும் அப்பச்சோடாவும் விட்டுக் கொதிக்க வைப்பார். தன் சட்டியிலும் வைப்பார். இரண்டையும் நக்கிப் பார்க்கச் சொல்வார். உங்களுடையது கசக்கும், முகம் சுளிக்கும். "இந்த நஞ்சைத்தான் அக்கா இவ்வளவு நாளும் பிள்ளைகளுக்குக் குடுத்தனீங்கள்" என்பார். அதற்குப் பிறகு எந்தத் தாய் கையெழுத்து வைக்காமல் இருப்பாள்? உண்மை என்னவென்றால், அப்பச்சோடாவைக் கொதிக்க வைத்தால் அது உடுப்புத் தோய்க்கும் சோடாவாக மாறுகிறது. அதனால் எந்தச் சட்டியிலும் அது காரமாகக் கசக்கும். அத்துடன் காரத்தன்மையுள்ள பொருள் அலுமினியத்தை அரிக்கும் என்பதும் உண்மை. ஆனால் நாம் சோடாத் தண்ணீரில் சோறு சமைப்பதில்லை.

அலுமினியத்தைப் பற்றி நடுநிலையாகச் சொல்வதானால், புளிக்குழம்பு, ரசம், தக்காளிக்கறி போன்றவற்றை அதில் நீண்ட நேரம் கொதிக்க வைப்பதும் இரவு முழுவதும் விட்டு வைப்பதும் நல்லதல்ல. சிறிதளவு அலுமினியம் உணவில் கரையும். அவற்றுக்கு மண்சட்டியோ எவர்சில்வரோ மேல். ஆனால் அலுமினியச் சட்டியால் புற்றுநோய் வரும், ஞாபகமறதி வரும் என்று அடித்துச் சொல்வதற்கு நிரூபணம் கிடையாது. மீள்குடியேறியபோது கிடைத்த அலுமினியச் சட்டியில் சமைத்துப் பிள்ளைகளை வளர்த்த தாய்மார் எவரும் அதற்காக இரவில் நித்திரை கெட வேண்டாம். பழைய இரும்பு, மோட்டார் பாகங்கள் போன்ற கழிவுகளை உருக்கி வார்த்த சட்டிகளை மட்டும் தவிர்த்துக் கொள்ளுங்கள். அவற்றில் ஈயம் கலந்திருக்க இடமுண்டு. ஈயம் சிறுபிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும்.

இப்படி வீட்டுக்கு வந்து சமைத்துக் காட்டி விற்பது புதிய வழக்கமுமல்ல. அமெரிக்காவில் 1920களிலேயே தடித்த அலுமினியச் சட்டிகளை விருந்து வைத்து விற்றார்கள். அப்படி விற்ற குளப் அலுமினியம் என்ற கம்பனி கடனில் மூழ்கியபோது, 1932 இல் அதைப் பொறுப்பேற்ற ஹேர்பேட் ரெய்லர் என்பவர் தொழிலில் எதைச் சொல்ல முன்னும் செய்ய முன்னும் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை எழுதினார். முதற் கேள்வி, இது உண்மையா என்பது. உலகிலேயே தலைசிறந்த பாத்திரம் என்ற தமது விளம்பரத்தையே, நிரூபிக்க முடியாதென்று அவர்கள் கைவிட்டார்களாம். அந்த நான்கு கேள்விகளைத்தான் பின்னர் றோட்டரிக் கழகங்கள் எடுத்துக்கொண்டன. எங்கள் முற்றத்துக்கு வருபவரிடமும் அந்த முதற் கேள்வியைக் கேட்க எமக்கு உரிமை இருக்கிறது.

தவணைக்கு வாங்குவதா?

எனக்கு மிகவும் கவலை தருவது இந்த இடம். ஒரு கணக்கைப் பார்ப்போம். எட்டுச் சட்டி கொண்ட ஒரு செற் 60,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3,900 ரூபாப்படி 24 மாதம் கட்டச் சொல்கிறார்கள். "மாதம் நாலாயிரம் கூட இல்லை அக்கா" என்று கேட்கும்போது சிறிதாகத்தான் தெரியும். பெருக்கிப் பார்த்தால் 93,600 ரூபா. சட்டிக்கு மேலே 33,600 ரூபா. இனி மிச்சத்தைப் பார்ப்போம். ஒரு சிலிண்டர் 4,000 ரூபா என்றும் அது உங்கள் வீட்டில் இரண்டு மாதம் வரும் என்றும் வைத்தால், மாதச் செலவு 2,000. அதில் நாலில் ஒன்றை இந்தச் சட்டி மிச்சம் பிடித்தாலும் 500 ரூபாதான். 500 ரூபா மிச்சத்துக்கு 3,900 ரூபாக் கட்டுவதா? விறகு பொறுக்கிச் சமைக்கும் வீட்டில் கையில் வரும் காசாக அந்த மிச்சமும் இல்லை.

எங்கள் மாவட்டங்களில் கடன் என்பது என்ன செய்தது என்பதை யாரும் எமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நின்றவர்களுக்குப் பயந்து பின்வளவில் ஒளித்த பெண்களை நான் அறிவேன். 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே பொறுப்பேற்க முன்வர வேண்டிய அளவுக்கு நிலைமை போயிருந்தது. ஒரு சட்டிக்காக அந்த வழியில் இன்னொரு முறை இறங்கக்கூடாது என்பது எனது உறுதியான கருத்து. தையல் இயந்திரத்துக்குக் கடன் எடுத்தால் அது உழைத்துத் தரும். சட்டி உழைக்காது.

ஆசையாக இருந்தால் ஒரேயொரு சட்டி வாங்குங்கள். நாலு பேர் சேர்ந்து சீட்டுப் பிடித்து வாங்கினாலும் நல்லது. கையில் காசு வந்த பிறகு, கடையில், பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி வியாபாரியின் கடமை. ஏமாற்றப்பட்டதாகக் கருதினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். தவணைப் பத்திரத்தில் ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள், கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் எழுத்தில் சீட்டு வாங்கி ஒரு கொப்பியில் ஒட்டி வையுங்கள்.

நல்ல சட்டியை எப்படித் தெரிவது?

அடி தடிப்பாக இருக்க வேண்டும். தட்டிப் பார்த்தால் மெல்லிய சட்டி மணிபோலக் கிணுங்கும், தடித்தது மந்தமாகச் சத்தமிடும். மட்டமான மேசையில் வைத்து ஆட்டிப் பாருங்கள், ஆடக்கூடாது. மூடிக்கும் விளிம்புக்கும் இடையில் கடதாசித் துண்டொன்றை வைத்து இழுங்கள். சுற்றிவர எந்த இடத்திலும் சற்று இறுக்கமாக வந்தால் மூடி பொருந்துகிறது என்று அர்த்தம். சட்டி எவ்வளவு விலையானாலும் மூடி பொருந்தாவிட்டால் பயனில்லை.

18/8, 18/10 என்று அடியில் பொறித்திருப்பது நூற்றுக்கு 18 பங்கு குரோமியம், 8 அல்லது 10 பங்கு நிக்கல் என்பதைக் குறிக்கும். இரண்டும் நல்லவை, இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. சத்திரசிகிச்சை உருக்கு என்று பெருமையாகச் சொல்வது விற்பனைச் சொல்லே. காந்தம் ஒட்டினால் போலி என்று நம்மவரிடையே ஒரு கதை உண்டு. 18/8 வகையில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது என்பது உண்மைதான். ஆனால் இன்டக்சன் மின்னடுப்புக்கென்று செய்த சட்டியின் வெளிப்பக்கத்தில் வேண்டுமென்றே காந்தம் ஒட்டும் உருக்கைப் போடுகிறார்கள். ஆகவே உட்பக்கத்திலே வைத்துப் பாருங்கள். அங்கும் தடித்த நடுத்தகட்டை ஊடுருவிச் சிறிது இழுக்கலாம், அதைக் கொண்டு மட்டும் முடிவெடுக்க வேண்டாம். மலிவான தோடு போட்டால் காது சொறிபவர்கள், நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களாக இருக்கலாம். அவர்கள் புதுச் சட்டியில் முதற் சில தடவைகள் புளி சேர்ந்தவற்றை நீண்ட நேரம் கொதிக்க வைக்காமல் விடுவது நல்லது.

அளவுதான் முக்கியமானது. இந்த முறையில் சட்டியின் மூன்றில் இரண்டு பங்காவது மரக்கறி நிறைந்திருக்க வேண்டும். பெரிய சட்டியின் அடியில் ஒரு பிடி போஞ்சியைப் போட்டால், இருக்கும் தண்ணீர் அவ்வளவு வெற்றிடத்தையும் ஆவியால் நிரப்பப் போதாமல் அடிப்பிடிக்கும். தாயும் இரண்டு பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு ஒன்றரை அல்லது இரண்டு லீற்றர்ச் சட்டி போதும். எட்டுச் சட்டி செற்றில் ஐந்து சட்டி உங்களுக்குப் பயன்படாது என்பதற்கு இதுவே காரணம்.

அடுத்தது கைப்பிடி. இதைப் பற்றி விற்பனைப் புத்தகங்களில் எழுதுவதில்லை. எங்களில் பலருக்குக் கையிலோ தோளிலோ செல் துண்டு இருக்கிறது. ஒரு கை மட்டும் உள்ள சகோதரிகளும் சமைக்கிறார்கள். பல படைச் சட்டி வெறுமையாகவே கனம். கறியோடு தூக்கினால் இன்னும் கனம். இரண்டு பக்கமும் சிறிய வளையப் பிடி உள்ள சட்டியை ஒரு கையால் தூக்கவே முடியாது. அப்படியானவர்கள் ஒரு நீண்ட பிடி உள்ள சிறிய சட்டியையே பாருங்கள். வாங்க முன் கடையிலேயே தண்ணீர் நிரப்பித் தூக்கிப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. தூக்காமலே பரிமாறக்கூடியதாக அடுப்பைத் தாழ்வாக அமைத்துக்கொள்வதும் ஒரு வழி. விறகடுப்பில் சமைப்பவர்கள் பிளாஸ்ரிக் பிடியுள்ளதை வாங்கவே வேண்டாம். சுவாலை பக்கவாட்டில் எழுந்து பிடியை எரித்துவிடும். முழுவதும் உலோகப் பிடியாக இருந்தால் துணி பிடித்துத் தூக்கலாம்.

சமைக்கும் விதம்

புதுச் சட்டியை முதலில் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு நன்றாகக் கழுவுங்கள். மினுக்கிய மா உள்ளே ஒட்டியிருக்கும். பின்னர் தேசிக்காய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றிவிட்டால் போதும்.

பூசணிக்காயை எடுத்துக்கொள்வோம். துண்டுகளாக வெட்டிக் கழுவி, தண்ணீரை முற்றாக வடியவிடாமல் ஈரத்தோடு சட்டியில் போடுங்கள். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, சிறிது மஞ்சள் சேர்த்து மூடுங்கள். நடுத்தர நெருப்பில் வையுங்கள். ஐந்து நிமிடமளவில் மூடியோரத்தில் ஆவி வரத் தொடங்கும். மூடியில் துவாரம் இருந்தால் இப்போது அதை அடையுங்கள். நெருப்பை ஆகக் குறையுங்கள். விளிம்பில் தண்ணீர் அடைப்பு உண்டாகிவிட்டால், குமிழைப் பிடித்து மூடியை மெல்லத் திருப்பும்போது அது வழுகிச் சுற்றும். அதுதான் அடையாளம். பத்துப் பன்னிரண்டு நிமிடம் திறக்காமல் விடுங்கள். திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஆவி போய்விடும், பிறகு அந்தளவு தண்ணீர் விட வேண்டிவரும். எங்கள் பெண்களுக்கு ஆகக் கஷ்டமாக இருப்பது இந்தத் திறக்காமல் இருப்பதுதான்! வெந்தபின் உப்பும் முதற்பாலும் விட்டு ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள்.

கீரைக்கு இலையில் ஒட்டியிருக்கும் கழுவிய தண்ணீரே போதும், ஐந்து ஆறு நிமிடத்தில் வெந்துவிடும். கோவாவுக்கு எட்டுப் பத்து நிமிடம். கரட், பீற்றூட் சற்றுக் கூட. உருளைக்கிழங்கைத் துண்டாக்கிப் போட்டால் இருபது நிமிடமளவில் மாவாக வெந்திருக்கும். அதற்கு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விடுவதில் குற்றமில்லை. பருப்பு, கடலை, பயறு போன்ற காய்ந்த தானியங்களுக்கும் அரிசிக்கும் தண்ணீர் கட்டாயம் வேண்டும், அவற்றுக்குள் தண்ணீர் இல்லை. ஆனால் கொதித்தபின் மூடிச் சிறு நெருப்பில் விடும் முறை அவற்றுக்கும் பொருந்தும். கடலையை முதல்நாளே ஊறப்போட மறக்க வேண்டாம்.

மரவள்ளிக்கிழங்கை மட்டும் ஒருபோதும் இந்த முறையில் சமைக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். மரவள்ளியில் நஞ்சாக மாறக்கூடிய பொருள் இயற்கையாகவே உண்டு. தோலை முற்றாக உரித்து, சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில், மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். அப்போதுதான் நஞ்சு தண்ணீரோடும் ஆவியோடும் போகும். தண்ணீர் விடாமல் இறுக மூடி அவித்தால் அது உள்ளேயே நின்றுவிடும். எங்கள் அம்மாமார் மரவள்ளியை எப்போதும் திறந்து அவித்தது காரணத்தோடுதான்.

விறகடுப்பில் இந்த முறை சரிவராது என்று சிலர் நினைக்கிறார்கள். சரிவரும். ஆவி வந்தவுடன் எரியும் கொள்ளிகளை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் மட்டும் வையுங்கள். தடித்த சட்டி வாங்கிய சூட்டை நீண்ட நேரம் வைத்திருக்கும். இழுத்த கொள்ளியில் தேத்தண்ணி கொதிக்கும். வெளிப்பக்கத்தில் ஈரச் சாம்பலையோ சவர்க்காரத்தையோ மெல்லப் பூசிவிட்டு வைத்தால் கரி இலகுவாகக் கழுவுப்படும்.

உப்பைக் குளிர்ந்த தண்ணீரோடு எவர்சில்வர்ச் சட்டியில் போட்டு விடாதீர்கள், அடியில் சிறு புள்ளிகளாக அரிக்கும். கொதித்த பின் போட்டுக் கரைத்துவிடுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட என்பதால் வெள்ளைத் திட்டுகள் படியும், புளியம்பழச் சக்கையால் தேய்த்தால் போய்விடும். நீலமும் ஊதாவுமாகத் தெரியும் நிறம் கூடிய சூட்டால் வருவது, கெடுதலில்லை. அதற்கும் புளியே மருந்து. அடிப்பிடித்தால் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து ஆறவிட்டுப் பொச்சால் தேயுங்கள். இரும்புத் தும்பு வேண்டாம். வெறுஞ் சட்டியைப் பெரிய நெருப்பில் மறந்து விட்டால் அடித்தகடு கழன்றுவிடவும் கூடும்.

சில வேளை சமைத்து ஆறியபின் மூடி திறபடாது. உள்ளே ஆவி குளிர்ந்து காற்று குறைந்திருப்பதே காரணம். கத்தியால் நெம்பி விளிம்பைக் கெடுக்காமல், துவாரத்தைத் திறந்தோ, திரும்பச் சிறிது சூடாக்கியோ எடுங்கள். இது பிறஷர் குக்கர் அல்ல. ஆகவே கட்டியோ பெரிய கல்லை வைத்தோ மூடியை இறுக்கவும் கூடாது.

வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள் நாளைக்கே வீட்டிலுள்ள அடிதடித்த அலுமினியச் சட்டியிலோ மண்சட்டியிலோ செய்து பாருங்கள். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் அனலில் வாட்டிய வாழையிலையை விளிம்பின் மேல் விரித்து அதன்மேல் மூடுங்கள். மூடியின் மேலே ஒரு கோப்பை தண்ணீரை வைத்துவிட்டால் மூடி அசையாமலும் இருக்கும், ஆவி அதில் பட்டுக் குளிர்ந்து திரும்ப உள்ளே விழும், கோப்பைத் தண்ணீரும் சுட்டுவிடும். விலைகூடிய சட்டியைப்போல முற்றாக அடைக்காது என்பதால் கால் கோப்பை தண்ணீர் மட்டும் விட்டுக்கொள்ளுங்கள். முதல்நாள் பூசணிக்காயோடு தொடங்குவது நல்லது. கத்தரிக்காயை இரண்டாம் நாளுக்கு வையுங்கள், அது சீக்கிரம் கரையும்.